எங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு

பத்து வயதில் நான் அரசாங்கத்திடம் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். சொல்லும்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. நல்ல பிள்ளை என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அது ஒரு தாளில் ஏறி, அந்தத் தாள் தெருமுனைச் சுவரில் ஒட்டப்பட்டு, அதன் முன்னால் தெருவே கூடி நின்று கத்த ஆரம்பித்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் தெரு வண்ணார்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில், வாய்க்கால் கரையோடு ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் தண்ணீர். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் வாசல்படிக்கு இரண்டு முழம் கீழே வாய்க்கால் சலசலத்துக்கொண்டு ஓடும். எல்லா வீட்டுக்கும் கரண்ட் பில் உண்டு, தீர்வை ரசீது உண்டு. பட்டா மட்டும் கிடையாது. அப்பா மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மா பீடி சுற்றினாள். அத்தை பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று ஆறு வருடம் கழித்து அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள் எங்களோடேயே தங்கிவிட்டாள். முதலில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். எனக்கு ஏழு வயதானபோது, தண்ணீர் நிரம்பிப் போகிற வாய்க்காலின் விளிம்புக் கல்லில் கையை விரித்துக்கொண்டு நான் நடந்து விளையாடியதை அத்தை பார்த்துவிட்டாள். தரதரவென்று இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள். நான் தெருவே கேட்கும்படி அழுதேன். அம்மா ஓடி வந்து அத்தையைப் பார்த்து ஏதோ சொன்னாள். என் அழுகைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அத்தையின் முகம் வெளுத்துப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் வீட்டின் பின்பக்கம் புதிதாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. அந்த வாரக் கடைசியில் அப்பா, யாரிடமும் ஒன்றும் பேசாமல், பிளைவுட் பலகைகளை வாங்கி வந்து வீட்டின் குறுக்கே ஒரு தட்டி அடித்தார். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அத்தை. வாசல் மட்டும் ஒன்று.

அதற்குப் பிறகு அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? அதற்குத்தான் நான் இருந்தேன். "உங்க அத்தகிட்ட சொல்லு, தண்ணி வருதுன்னு" என்பாள் அம்மா. அத்தை நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். நான் திரும்பி, "அத்த, தண்ணி வருதாம்" என்பேன். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பாள் அத்தை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரே ஒரு கட்டளைதான் கண்டிப்பானது: வீட்டுக்குள் இருக்கிற இந்தச் சங்கதி எதுவும் வெளியாட்கள் காதுக்குப் போகக் கூடாது. யார் கேட்டாலும் நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம். கேட்டவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாய்க்கால் கரை வீடுகளை எடுக்கப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு நாலுவழிச் சாலையைத் தாண்டிப் புதிதாகக் கட்டியிருக்கிற அடுக்குமாடியில் வீடு தருவார்கள். அப்பா ஆட்டோவில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "கட்டடம் நல்லாத்தான் இருக்கு. சுத்தி ஒண்ணுமே இல்ல" என்றார். பள்ளிக்கூடம் இல்லை. பீடிக் கடை இல்லை. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அத்தையின் காலை ஷிப்ட்டு ஆறு மணிக்குத் தொடங்குகிறது.

அன்றிலிருந்து தெருவின் சத்தமே மாறிவிட்டது. பெரியவர்கள் வாசலில் கூடிப் பேசுவார்கள், நாங்கள் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் பொக்லைன் நிற்கிறதா என்று நான் முதலில் எட்டிப் பார்ப்பேன். நிற்காது. வீடு அங்கேயே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே நுழைவேன்.

தெருவில் ஒரு கண்டக்டர் அண்ணாச்சி இருந்தார். ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆகியும் விசில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று அவர் விசில் ஊதினால் கூட்டம் என்று அர்த்தம். முதல் கூட்டத்தில் ஆண்கள் எல்லாம் ஒரே பேச்சுதான்: போக மாட்டோம், உயிரைக் கொடுத்தாவது தடுப்போம். அம்மா சுளகில் பீடி இலையை வைத்து வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"போக மாட்டோம்னா இடிச்சுத்தான் போடுவாங்க. எங்க போறதுன்னு நாமளே சொன்னா என்ன, அண்ணாச்சி?"

தெருவுக்குப் பின்னால், பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இடிந்து கிடந்த ஒரு பெரிய இடம் இருந்தது. ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே மாடி கட்டிக் கொடுங்கள், வாய்க்காலை நாங்களே காலி செய்து தருகிறோம் என்று கேட்கலாம் என்றாள் அம்மா. பிறகு அண்ணாச்சி விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "தீர்மானம் பாஸ்" என்றார்.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். ஒரு நாள் பீடி சுற்றாவிட்டால் இலை காய்ந்துவிடும் என்பதால் பெண்கள் சுளகையும் தூக்கிக்கொண்டு போய், ஆபீஸ் வாசலில் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டே காத்திருந்தார்கள். போராட்டம் என்று நினைத்து போலீஸ்காரர்கள் வந்து நின்றார்களாம். "போராட்டமெல்லாம் இல்லய்யா, வேல பாக்கோம்" என்று அம்மா சொன்னாளாம். நாலாவது திங்கட்கிழமை பதில் கிடைத்தது. பின்னால் உள்ள இடத்தைப் பார்க்கிறோம், சரிப்பட்டால் அங்கேயே கட்டலாம். ஆனால் இடம் சின்னது. கணக்கெடுப்பில் எத்தனை குடும்பம் வருகிறதோ அத்தனை வீடுதான், ஒன்றுகூட அதிகம் கிடையாது. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். பிள்ளைகள் எங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை.

கணக்கெடுக்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்து பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். அத்தை வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு இளைஞர், கையில் அட்டையும் தாளும், நெற்றியெல்லாம் வேர்வை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். "நல்ல பாப்பா" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வீட்டில் யார் யார் என்று கேட்டார், சொன்னேன். பிறகு, "அத்தைக்குத் தனிச் சமையலா?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இதைத்தானே யாரிடமும் சொல்லக் கூடாது? யாரோ தெருவில் கோள் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். "இல்ல சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எங்க அத்த எங்ககூடத்தான் சாப்பிடுவாங்க. எங்கம்மாதான் அவங்களுக்குச் சோறு போடுவாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா கோயிலுக்குப் போவாங்க. ஒரே அடுப்புதான்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். நான் நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். அம்மா வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், காய்ச்சலில் தூங்கிப்போனேன், எழுந்தபோது மறந்தும் போயிருந்தது. அடுத்த நாள் யாரும் வராததால் கணக்கு வியாழனே முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கண்டக்டர் அண்ணாச்சி எப்படியோ பக்கத்து வீடுகளில் விசாரித்து எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பட்டியல் ஒட்டிய அன்று அப்பாதான் முதலில் விரலால் கீழே தடவிக்கொண்டே வந்து படித்தார். எங்கள் குடும்பத்து வரிசையில் அப்பா, அம்மா, நான், அதற்குக் கீழே அத்தை. அத்தைக்கென்று தனி வரிசை இல்லை. அதாவது அத்தைக்கு வீடு இல்லை. எங்களைப்போல இன்னும் பத்து வீடுகளில் குளறுபடி. ஆனால் அண்ணாச்சி பிடித்துக்கொண்டது எங்கள் அத்தையைத்தான்.

"ஒரு ஆதரவில்லாத பொம்பள, அவ வீட்டையே முழுங்கிட்டானுவ பாத்தீங்களா! எவன் சொன்னான் இவனுவகிட்ட ஒரே அடுப்புன்னு?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? தெருவில் எங்கே திரும்பினாலும் அத்தையின் அடுப்பைப் பற்றித்தான் பேச்சு. மனுவின் முதல் பாராவே அத்தைதான். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பொய் சொன்னவன் யார் என்ற கேள்வி வரும். கணக்கெடுத்தவன் வராமலே எழுதியிருக்கிறான் என்று சிலர், லஞ்சம் வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்கு வீடு ஒதுக்கிவிட்டான் என்று சிலர். என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவரின் முகம் நினைவுக்கு வரும். என்னால் ஒரு நல்ல மனிதருக்கு வேலை போகப் போகிறது, என்னால் அத்தை நடுத்தெருவில் நிற்கப் போகிறாள் என்று மாறி மாறிப் பயந்தேன். உண்மையைச் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்பது மூன்றாவது பயம். அதுதான் மூன்றிலும் பெரியது.

ஆச்சரியம் என்னவென்றால், அத்தை மட்டும் அமைதியாக இருந்தாள். ஒரு கூட்டத்தில், "எனக்கு ஒண்ணும் தனி வீடு வேண்டாம் அண்ணாச்சி, மத்தவங்க வீட்டப் பாருங்க" என்றுகூடச் சொன்னாள். பயந்த சுபாவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க அத்தகிட்ட சொல்லு, வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. வாங்கிக் குடுக்காம விடமாட்டேன்" என்றாள் என்னிடம். அத்தையை எப்படியாவது வேறு வீட்டுக்கு அனுப்பிவிட அம்மா துடிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுவிசாரணைக்குக் குடும்பத்தில் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் எனக்கு வயிற்றுவலி. அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுல போனா சரியாயிரும்" என்று கிளப்பிவிட்டாள்.

நீளமான ஒரு ஹால். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி, களைத்த முகம். பக்கத்தில் அந்த இளைஞர். அவரைப் பார்த்ததும் நான் அப்பாவின் முதுகுப் பக்கம் ஒதுங்கினேன். எங்கள் முறை வந்ததும் அண்ணாச்சி பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு இளைஞரைப் பார்த்தார். அவர் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தப் பாப்பாகிட்ட கேட்டுத்தான் மேடம் எழுதினேன். அதுதான் ஒரே அடுப்புன்னு சொல்லுச்சு."

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிகாரி கோபமாக இல்லை. "பாப்பா, இங்க வா. பயப்படாத. உங்க வீட்ல எத்தனை அடுப்பு?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு என்று சொன்னால் வீட்டுச் சண்டையை ஊருக்குச் சொன்னதாகும். ஒன்று என்று சொன்னால் அத்தைக்கு வீடு போய்விடும். எது சரி என்று அவள் முகத்தில் தேடினேன். அம்மாவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வந்து என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளையக் கேக்காதீங்கம்மா. வீட்டு விசயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லி வளத்தவ நான்தான். அது அதத்தான் செஞ்சிருக்கு. ரெண்டு அடுப்பு. மூணு வருசமா ரெண்டு அடுப்புதான்."

"ஒரே வாசல். அண்ணன், தங்கச்சி. தனித்தனியா சமைக்க என்ன காரணம்? ஒரு வீடு கூடக் கிடைக்கும்னு பிரிச்சுச் சொல்றீங்களோன்னு நான் நினைக்கலாம் இல்லையா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ள இல்லாத ஒருத்தியப் பாத்து சொல்லக் கூடாத ஒரு வார்த்தைய நான் சொல்லிட்டேன்மா" என்றாள் அம்மா. பீடிக் கடையில் பேரம் பேசுகிற குரல் இல்லை அது. "அதுக்குப் பொறவு அவ எங்க வீட்டுச் சோத்தத் தொடல. தப்பு எம்மேல. அதுக்காக அவளுக்கு ஒரு வீடு இல்லாம ஆயிரக் கூடாது. நாள பின்ன எங்க வீட்டுல யாருக்கும் மனசு சரியில்லன்னா, போன்னு யாரும் சொல்ல முடியாத ஒரு இடம் அவளுக்கு வேணும்."

அதிகாரி அத்தையைப் பார்த்தார். "சரிதானாம்மா?" அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள். அதிகாரி பேனாவை எடுத்து, பட்டியலில் அத்தையின் பெயரை அடித்துவிட்டு, கீழே தனியாக ஒரு வரிசை போட்டு எழுதினார். அத்தை கையெழுத்துப் போட்டாள்.

மற்றப் பத்து வீடுகளும் அன்றே சரியாகிவிட்டன. வெளியே வந்ததும் தெருக்காரர்கள் சிரிப்பும் கூச்சலுமாக நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் தலையில் தட்டிக்கூடக் கொடுத்தார். பஸ் வந்தது. அம்மா திரும்பி, "பஸ் வந்துட்டு. ஏறு" என்றாள். நான் வழக்கம்போல அத்தையிடம் சொல்லத் திரும்பினேன். அத்தை ஏற்கனவே படியில் கால் வைத்திருந்தாள். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வீடு கட்டி முடிய மூன்று மழைக்காலம் ஆனது. வாய்க்கால் கரையை நாங்களே காலி செய்து கொடுத்தோம். எங்களுக்கு முதல் பிளாக்கில் தரைத்தளம், அத்தைக்குக் கடைசி பிளாக்கில் மூன்றாவது மாடி. குலுக்கலில் அப்படித்தான் விழுந்தது. மாற்றிக்கொள்ள ஆள் தேடி அம்மா அலைந்தாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. குடிபோன அன்று அத்தை வீட்டில் பால் காய்ச்சி, அந்தப் பாலை நான்தான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா குடித்தாள். அவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள், தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். பழையபடி ஆகவில்லை. அத்தை இன்றும் அங்கேதான் இருக்கிறாள், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது பஸ்ஸில் நடந்ததை. ஆபீஸிலிருந்து திரும்பி வந்த அந்த பஸ்ஸில் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டு வருகிறவள் போல இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்மேல் இருக்கிற கோபத்தில்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"அத்த, அந்த சார்கிட்ட நான் வேணும்னு பொய் சொல்லல" என்றேன்.

"தெரியும்ட்டி."

"அம்மா சொன்னதனாலயா?"

"அன்னைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட்டு. தட்டிக்கு அந்தப் பக்கந்தான் இருந்தேன். நீ சொன்ன எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை கூட்டம், அத்தனை மனு, ஒரு மாதமாக நான் செத்துச் செத்துப் பிழைத்தது எல்லாம் இவள் அப்போதே வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்தே இருக்காது. எனக்குக் கோபம்கூட வந்தது.

"பின்ன ஏன் அத்த வெளிய வந்து சொல்லல?"

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள்.

என்ன நல்லா இருந்தது என்று நான் கேட்கவில்லை. இனி மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை, அடி விழாது, பசிக்கிறது: அவ்வளவுதான் அப்போது எனக்குள் இருந்தது. ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தேன். அத்தை எழுந்து இடம் விட்டாள்.